கைவேகத்துக்கு ஒரு சான்றிதழ்

என் உத்தியோக வாழ்க்கையில் மூன்று தடவை என்னை மேடையேற்றி, கல்வியைச் சீர்திருத்திய அம்மையார் என்று மாலை போட்டிருக்கிறார்கள். ஒரு மாலையைப் போட்டவருக்கு என் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. இன்னொருவர் என்னை வேறு யாரோ டீச்சர் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத என் கணவருடைய சர்க்கரை வியாதியைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். சௌக்கியமாக இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். மேடையில் நின்றுகொண்டு ஒரு மனிதரை ஏன் ஏமாற்றமடையச் செய்ய வேண்டும்?

அந்த மாலைகள் எதற்காக என் கழுத்தில் விழுந்தன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்க நினைத்தேன். அதுதான் விஷயம். மற்றதெல்லாம் சீர்திருத்தம்.

ஐம்பதுகளின் நடுவில், நாரணாபுரத்தைத் தாண்டிய ஒரு சின்ன ஊரில், சபை நடத்திய ஆரம்பப் பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். என் திறமையைப் பார்த்து ஆக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்து வரவேண்டியவர் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்கு வேறு என்ன சோலி இருக்கப்போகிறது என்று சபைப் பெரியவர்கள் ஏகமனதாக முடிவு செய்து, ஜெபம் பண்ணி, சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஊர் என்னைப் பெரிய டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், ஒன்றாம் வகுப்பு எடுத்தவள், அன்றிலிருந்து சின்ன டீச்சர் ஆகிப்போனாள்.

பள்ளிக்கூடம் என்பது ஓடு போட்ட ஒரு நீளக் கூடம். நடுவில் தட்டி வைத்து மறைத்தால் வகுப்புகள். தட்டியை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பதிவேட்டில் பிள்ளைகள் நிறைந்து வழிந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதில் பாதி இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். மழையை நம்பிக் காட்டுவேலைக்குப் போன குடும்பங்கள், மழை வராது என்று தெரிந்ததும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போய்விட்டன. தாய்மார் கம்பெனியில் இருந்தார்கள், பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து காலிப் பெட்டி ஒட்டினார்கள். மதியச் சாப்பாடு போட ஆரம்பித்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது. பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் வந்தார்கள், ஒன்றரை மணிக்கு எல்லோரும் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கு மட்டும் ஊரில் தனி வழக்கம் இருந்தது. தேதி எப்படியும் முன்கூட்டியே தெரிந்துவிடும். கம்பெனிக் கணக்கப்பிள்ளைக்கு நாங்கள் சொல்லி அனுப்புவோம். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வேலை கிடையாது. தாய்மார் தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, முகத்தைக் கழுவி, வரிசையாக அனுப்பிவைப்பார்கள். அதில் பள்ளிக்கூடத்து வாசற்படியையே பார்த்திராத பிள்ளைகளும் இருக்கும். அதற்கெல்லாம் பதிவேட்டில் சும்மா கிடக்கிற பெயர் ஒன்றைக் கொடுத்து, எந்த வகுப்பு என்றும் சொல்லிக்கொடுத்து உட்கார வைப்போம். ஒரு தடவை ஒரே பெயருக்கு இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இரட்டைப் பிள்ளைகளா?" என்றார்.

"ஆமாங்கய்யா. பேரு மட்டும் ஒண்ணா வச்சிட்டாக," என்றாள் சின்ன டீச்சர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நான் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா? தலைமையாசிரியை ஆனதும் வழக்கத்தை அப்படியே காப்பாற்றினேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அந்தப் பெண் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். தகப்பன் இல்லை. தாய் தீப்பெட்டிக் கம்பெனியில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள், கட்டை அடுக்குவது என்பார்கள். கீழே இரண்டு குழந்தைகள். இவள் காலையில் தண்ணீர் எடுத்து, கஞ்சி வைத்து, பெட்டி ஒட்டி, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வந்து, மற்றப் பிள்ளைகள் சிலேட்டைத் துடைத்து முடிப்பதற்குள் கணக்கை முடித்துவிடுவாள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன் என்பது பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த பேச்சு. ஒருநாள் வேண்டுமென்றே எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட்டேன். முழங்காலைச் சொறிந்துகொண்டே விடையைச் சொன்னாள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அந்தக் கணக்கைப் போட நான் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண்கூட ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. இவள் தாண்ட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. விருதுநகரில் பெண்களுக்கான ஒரு போர்டிங் பள்ளி இருந்தது. அதன் தலைவி கடுகடுப்பானவர். நான்கு கடிதம் எழுதி, இரண்டு தடவை பஸ் ஏறிப் போய், அவர் வாசலில் நின்று, ஆறாம் வகுப்பில் ஓர் இலவச இடம் வாங்கினேன். அடுத்த ஜூன் மாதக் கடைசிக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விடவேண்டும், அதற்கு மேல் ஒருநாள்கூட இடம் காத்திருக்காது என்று சொல்லி அனுப்பினார். தாயிடம் போய்க் கேட்டேன்.

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சரம்மா. நான் என்னத்தக் கண்டேன்," என்றாள்.

அவள் அப்படித்தான். என் வார்த்தையை ஒருநாளும் தட்டியதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து சீரமைப்பு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்களுக்கு என்னென்ன குறை என்று எழுதி, ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கேட்டு வாங்கி, மாநாடு நடத்திக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. நல்ல யோசனைதான். ஆனால் நம் ஆட்கள் கையில் எது கிடைத்தாலும் அதற்கு ஒரு மேளம் தேவைப்படும். பக்கத்து ஊரில் ஒரு சுவர்க்கடிகாரத்தை நாதஸ்வரம் வாசித்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் கடிகாரம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் எப்போது பார்த்தாலும் நாலே கால்தான்.

இதற்காக எங்கள் ஊரில் போட்ட கமிட்டிக்குத் தலைவர், அந்தத் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. அவருக்குத் திருத்தங்கலில் அச்சாபீஸும் உண்டு. வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் எழுந்து நின்று கும்பிடுகிற மனிதர். பெஞ்சு கேட்டோம், வந்தது. கரும்பலகை கேட்டோம், இரண்டாக வந்தது. கடிகாரம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கைத்தொழில் பற்றிப் பேச்சு வந்தது. பாடத்தோடு ஒரு கைத்தொழிலும் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். எங்களிடம் நூல் நூற்கிற தக்ளிகள் இருந்தன. பையன்கள் அதைப் பம்பரமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் என்று ஒன்றை நான் அந்தப் பள்ளியில் கண்ணால் கண்டதில்லை. அப்போதுதான் என் மூளையில் அந்த அபாரமான யோசனை உதித்தது. பிள்ளைகள் வீட்டில் பெட்டி ஒட்டுவதால்தானே பள்ளிக்கு வருவதில்லை? பெட்டி ஒட்டுவதையே பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டால் பிள்ளைகளும் கூடவே வந்துவிடுவார்களே. கைத்தொழிலுக்குக் கைத்தொழிலும் ஆச்சு, வருகைக்கு வருகையும் ஆச்சு.

முதலாளி கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, இது எனக்குத் தோணலையே," என்றார்.

சத்தியமாக அவருக்குத் தோன்றவில்லை. பழியை அவர்மேல் போட எனக்கும் ஆசைதான், ஆனால் யோசனை என்னுடையது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் நான்தான்.

பலன் உடனே தெரிந்தது. அடுத்த வாரமே கூடம் நிறைந்தது. கம்பெனி வண்டி காலையில் பெட்டி மடிக்கிற மெல்லிய மரச்சில்லும் நீலக் காகிதமும் பசை வாளியும் இறக்கிவிட்டுப் போகும். சாயங்காலம் ஒட்டிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும். கூலி அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 'பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா வேலை கெடுது' என்று சொல்லிக்கொண்டிருந்த தாய்மார், இப்போது காய்ச்சலோடு கூடப் பிள்ளையை அனுப்பினார்கள். பசை பச்சையாக இருந்தது. ஏன் என்று வண்டிக்காரனைக் கேட்டேன்.

"மயில்துத்தம் போட்டிருக்கு டீச்சர், வெசம். இல்லாட்டிப் பிள்ளைக பசையைத் தின்னுபுடும்," என்றான்.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதலில் கடைசிப் பீரியட் மட்டும்தான் பெட்டி. பிறகு மதியம் முழுவதும். தீபாவளி சீசனில் கம்பெனிக்கு ஆர்டர் நெருக்கியபோது காலையிலும் கொஞ்சம். பூகோளத்தை நான் பெட்டி ஒட்டும்போதே வாயால் சொல்லிக்கொடுத்தேன். வைகை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் தலை நிமிராமல் பதில் வரும். இதைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் உருகிப்போனார். கல்வியும் உழைப்பும் கைகோத்து நடக்கின்றன என்று பார்வையாளர் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினார். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர்கள் எல்லாம் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வந்தார்கள். புதுப் பெஞ்சில் உட்கார்ந்து கலர் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட முதலாளியை எங்கே பிடித்தீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

சின்ன டீச்சர் மட்டும் ஒருநாள் தட்டிக்குப் பின்னால் என்னை நிறுத்தினாள்.

"பெரிய டீச்சர், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. நாம பள்ளிக்கூடம் நடத்துறோமா, கம்பெனிக்குக் கொட்டகை போட்டுக் குடுத்திருக்கோமா?"

"வருகைப் பதிவேட்டைப் பாருங்க," என்றேன்.

"பார்த்தேன். அதான் கேக்கேன்."

அவளுக்குப் பொறாமை என்று முடிவு செய்தேன். மேலே ஏறுகிறவளுக்குக் கீழே நிற்கிறவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

ஏப்ரலில் ஆண்டு விழா வைத்தோம். ஓட்டப்பந்தயம், பேச்சுப் போட்டி, கணக்குப் போட்டி, இவற்றோடு பெட்டி ஒட்டும் போட்டி. கணக்கில் அந்தப் பெண்தான் முதல். பெட்டி ஒட்டுவதிலும் அவள்தான் முதல். விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. கணக்குக்குப் பரிசு இரண்டு பென்சில். பெட்டிக்குப் பரிசு, முதலாளி கொடுத்த புத்தம் புது அலுமினியத் தூக்குவாளி. கம்பெனிக்குப் போகிற பெண்கள் மதியக் கஞ்சி கொண்டுபோவார்களே, அதே வாளிதான். பதினோரு வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அதோடு ஒரு சான்றிதழ். முதலாளியின் அச்சாபீஸில் கெட்டித் தாளில், நான்கு ஓரமும் மயில் போட்டு, மூன்று நிறத்தில் அடித்துக் கொடுத்திருந்தார். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்திருந்தால்கூட அப்படி ஒரு பத்திரிகை அடித்திருக்க மாட்டார்கள். நடுவில் எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தது. தாளின் அழகு என் தலைக்கு ஏறிவிட்டது. 'கைவேகத்திலும் நேர்த்தியிலும் இப்பள்ளியில் முதலிடம் பெற்றவள், எப்பணியில் அமர்த்தினாலும் சிறந்து விளங்குவாள் என உறுதி கூறுகிறேன்' என்று என் முத்துப் போன்ற கையெழுத்தில் எழுதி, கையொப்பம் போட்டு, பள்ளிக்கூட முத்திரையையும் ஓங்கிக் குத்தினேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க அந்தப் பெண் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுக்கே போனேன். தாய் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒரு சாக்கை உதறிப் போட்டாள்.

"வாங்க டீச்சரம்மா, இங்கன உக்காருங்க. காப்பித்தண்ணி குடிக்கீகளா?"

"அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளை எங்கே? விருதுநகர் போக வேண்டாமா?"

"கம்பெனியில இருந்து இன்னும் வரலை. ரெண்டு கட்டை அடுக்க வேண்டியது பாக்கின்னா. இப்ப வந்துருவா."

"கம்பெனிக்கா அனுப்பினே?"

"ஆமா. அதான் படிப்பை முடிச்சிட்டாளே. நீங்க சர்ட்டிபிகேட்டும் குடுத்துட்டீகளே."

 அவள் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் கபடம் ஒன்றும் இல்லை. பெருமைதான் இருந்தது. அந்தத் தெருவில் முத்திரை குத்திய காகிதம் யார் வீட்டிலும் கிடையாது. அப்படி ஒன்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விஷயம் முடிந்தது. ஐந்து வருடம் பள்ளிக்கூடம் போனாள், கடைசி மூன்று பருவமும் பெட்டி ஒட்டினாள், பெரிய டீச்சரே அவள் கைக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்துவிட்டார். இதைவிடத் தெளிவாகப் படிப்பு எப்படி முடியும்?

"மத்தப் பிள்ளைக ரெண்டு வருசம் கீள உக்காந்து பளகணும் டீச்சரம்மா. உங்க காயிதத்தைப் பார்த்துட்டுக் கணக்கப்பிள்ளை அன்னைக்கே இவளைப் பெரியாளுக வரிசையில உக்கார வச்சிட்டாரு. பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக் குடுத்துறப் போறாகன்னு நான்கூட நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீக."

"அம்மா, அது பரிசுக்காகக் கொடுத்தது. படிப்பு முடிந்தது என்று கொடுக்கவில்லை."

அவள் குழம்பிப்போனாள்.

"அப்ப எதுக்கு சீல் வச்சீக?"

இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதற்குள் வாசலில் நிழல் தட்டியது. பிள்ளை வந்தாள். கையில் தூக்குவாளி. என்னைப் பார்த்ததும் முகம் பூராவும் சிரிப்பு.

"டீச்சர், விருதுநகருக்கு எப்பப் போறோம்?"

கம்பெனி வேறு, விருதுநகர் வேறு என்று அவள் நினைத்திருந்தாள். ஜூன் கடைசி வரைக்கும் இங்கே, அதற்குப் பிறகு அங்கே. அவள் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். தாய் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சரம்மா. நீங்க கூட்டிட்டுப் போறேன்னா நான் அனுப்பிருதேன். நீங்க சொல்லி நான் எதைத் தட்டுனேன்?"

மறுநாள் காலை கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். முதலாளி வழக்கம்போல எழுந்து நின்று கும்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, ஒரு பிள்ளைதான. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க," என்றார். பிறகு மேசைமேல் இருந்த ஒரு நீலத்தாளை விரித்தார். "ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கங்க டீச்சரம்மா. நல்லா ஒட்டுன பிள்ளையையே வேலையில இருந்து எடுத்துட்டாகன்னு தெரிஞ்சா, மத்த தாய்மாருக என்ன நெனப்பாக? பள்ளிக்கூடத்துல ஒட்டி என்ன பிரயோசனம்னு அவங்கவங்க பிள்ளையை வீட்டுலயே வச்சுக்கிடுவாக. பெஞ்சு மட்டும்தான் மிஞ்சும். இது பிளானு. மூணு ரூம்பு. ஆறு, ஏளு, எட்டு. மாநாட்டுல சொல்லலாம்னு இருந்தேன். உங்க இஷ்டம்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் நான் யாருக்கும் அடங்கமாட்டேன். அவர் சொன்னது உண்மையாக வேறு இருந்தது. நீலத்தாளில் மூன்று சதுரங்களைப் பார்த்தேன். எங்கள் ஊரிலேயே ஆறாம் வகுப்பு. ஒரு பெண்ணுக்குப் பதில் எத்தனை பெண்கள். மாநாடு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாநாட்டுக்கு மறுநாள்தான் ஜூன் முப்பது. தெரிந்துதான் சொன்னேன்.

மாநாடு திருத்தங்கலில் நடந்தது. பெரிய பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கண்காட்சி இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் இடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்காட்ட வேண்டும். காலையில் கம்பெனி வண்டியிலிருந்து அந்தப் பெண்ணும் இறங்கினாள். முகம் கழுவி, எண்ணெய் தேய்த்து, போன வருடத்துப் பாவாடையில் அனுப்பியிருந்தார்கள். நன்றாக ஒட்டுகிற பிள்ளை முன்னால் இருந்தால்தானே கண்காட்சி எடுபடும்? அவளை நடுவில் உட்காரவைத்தது நான்தான்.

இன்ஸ்பெக்டர் பெரிய அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எந்த வகுப்பம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து வருடம் எங்களிடம் பாடம் கற்றவள் அல்லவா, தடுமாறவில்லை.

"ஐந்தாம் வகுப்பு, ஐயா."

"ஒரு நாளைக்கு மூன்று குரோஸ் ஒட்டினால், இருபத்தாறு நாளில் மொத்தம் எத்தனை பெட்டி?"

"பதினோராயிரத்து இருநூத்தி முப்பத்திரண்டு, ஐயா."

அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். கூட வந்த அதிகாரி காகிதம் எடுத்தார். எல்லாம் சரியாக வந்ததும் இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். மேலே படிக்க வைக்க வேண்டும்," என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"கண்டிப்பாகப் படிக்க வைக்கிறோம், ஐயா," என்றேன் நானும், அதே சத்தத்தில்.

கை தட்டினார்கள். மதியம் முதலாளி மூன்று அறைகளை அறிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள். அதன் பிறகு எனக்கு முதல் மாலை விழுந்தது. வருகையைக் கூட்டுவது எப்படி என்று ஒலிபெருக்கியில் அரை மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அறுபதுகள் முழுவதும் தாயில்பட்டி வரைக்கும் போய் அதே பேச்சைப் பேசியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஜெபத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றபோது, வாசலில் அந்தப் பெண் நின்றாள். தலை சீவி, இறுக்கிப் பின்னி, தோளில் ஒரு துணிப்பை. பையில் ஒரு பாவாடை சட்டையும் இரண்டு பென்சிலும் இருந்தன. பத்து மணி பஸ்ஸுக்கு வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் சொன்னார், டீச்சரும் சரி என்றார், இன்றைக்குத்தான் கடைசி நாள். அவள் யாரையும் கேட்கவில்லை, கிளம்பி வந்துவிட்டாள்.

ஜெபம் முடிவதற்குள் தாய் ஓடிவந்தாள். கம்பெனிக்குப் போகிற வழியிலிருந்து திரும்பியிருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"டீச்சரம்மா, படிக்க வைக்கிறோம்னு கூட்டத்துல சொன்னீகளாமே. இவ சொல்லுதா. நெசந்தானா? நெசம்னா இப்பமே கூட்டிட்டுப் போங்க. கம்பெனியில நான் சொல்லிக்கிடுதேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் தட்டமாட்டாள். முதலாளிகூடத் தடுக்கமாட்டார், அத்தனை பேர் கேட்க நடந்த பேச்சு அது. ஆனால் அந்த மூன்று சதுரங்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நேற்று விழுந்த மாலையும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நின்ற பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஆறாம் வகுப்புப் போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறைகள் இரண்டு வருடத்தில் வந்தன. முதல் வருடம் ஆறாம் வகுப்பில் ஒன்பது பையன்கள் சேர்ந்தார்கள். பெண்பிள்ளை ஒன்றுகூட இல்லை. நன்றாக ஒட்டத் தெரிந்த பெண்கள் எல்லோரும் அதற்குள் கம்பெனிக்குப் போயிருந்தார்கள், என் சான்றிதழோடு.

ஆனால் இதெல்லாம் பின்னால். அன்றைக்கு அந்தத் தாய் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது கூட்டத்துக்காகச் சொன்னதும்மா," என்றேன்.

அவளுக்கு அது உடனே புரிந்தது. கோபம்கூட வரவில்லை.

"அதான பார்த்தேன்," என்றாள்.

 பிள்ளை பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். தாய் கையைப் பிடிக்க வந்தபோது பிடிக்கவிடாமல் முன்னாலேயே நடந்தாள். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.